திரும்பி வராத டப்பாக்கள்

என் தங்கச்சி பார்க்கும் வேலை என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. தஞ்சாவூரில் எம்.பி.ஏ. படித்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு கடைக்காரர் போனில் வீடியோ போட்டால் அதை எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று அளந்து சொல்ல வேண்டுமாம். "இதுக்குப் போயி சம்பளமா?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, "லாத்தா" என்று அக்காவைக் கூப்பிடவும் இல்லை.

அவளுடைய அந்த அளவுகோலில் என் குடும்பமே ஒரு மாதத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கம். ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஷார்ஜாவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர், பதினோரு வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்த முதல் வாரம் விருந்தாளி, இரண்டாவது வாரம் மாப்பிள்ளை, மூன்றாவது வாரம் வீட்டு மனிதர். அதற்கப்புறம் பெட்டி கட்டுகிற பேச்சு வந்துவிடும்.

நான் தம்ரூட் செய்வேன். ரவை, முட்டை, பால், சர்க்கரை, நெய் எல்லாம் சேர்த்துக் கிளறி, மேலும் கீழும் சூடு கொடுத்து வேகவைக்கும் இனிப்பு. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இது இல்லாவிட்டால் சம்பந்தி முகம் சுண்டிப்போகும். முன்பெல்லாம் மூடிமேல் தணலைக் கொட்டுவோம், இப்போது ஓவன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு அக்கம்பக்கத்துக்காரர்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைத் தங்கச்சி ஒருநாள் வீடியோ எடுத்தாள். என் முகம் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அதனால் கை மட்டும். ஓவனைத் திறந்து தட்டை வெளியே எடுக்கிறேன், மேல்பக்கம் பொன்னிறமாகப் பொங்கியிருக்கிறது, கத்தியை வைத்ததும் ஆவி பறக்கிறது. அவ்வளவுதான் வீடியோ.

ஒரே வாரத்தில் லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரின் மொத்த ஜனத்தொகையைத் திரட்டி என் சமையல்கட்டுக்குள் நிறுத்தினாலும் அவ்வளவு பேர் வரமாட்டார்கள். கீழே எழுதியிருந்ததைத் தங்கச்சி படித்துக் காட்டினாள். 'முட்டை இல்லாமல் செய்ய முடியுமா?' 'சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?' 'ரவைக்குப் பதில் என்ன போடலாம்?' முட்டையும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், ரவையும் வேண்டாம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டியதுதானே என்று பதில் போடச் சொன்னேன். அவள் போடவில்லை. கனடாவுக்கு அனுப்புவீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். கைகளுக்கு வளையல் நன்றாக இருக்கிறது என்று நாற்பது பேர். வாங்குகிறேன் என்றவர்கள் மிகக் குறைவு.

இந்த லட்சத்தை நான் பெருமையாக ஷார்ஜாவுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் கணக்கில் கெட்டி. சரக்கு எண்ணியே தலை நரைத்தவர்.

"பாக்குறவங்க பாத்துட்டுப் போவாங்க. ஒரு தடவ வாங்குறவங்க ஆசைக்கு வாங்குவாங்க. மறுபடி எத்தன பேரு வாங்குறாங்கன்னு சொல்லு. அதுதான் யாவாரம்" என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, அடுத்த விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாரா இல்லையா என்று மாசிக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். மறுபடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர் என்றால், ஊருக்கே வந்து பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு கடை போட்டுவிடலாம். இல்லையென்றால் கையெழுத்து.

அன்றைக்கே தங்கச்சியைப் பிடித்து உட்கார வைத்தேன். "அளந்து தாடி, உன் வேலைதானே" என்றேன்.

முதலில், வாங்குகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்கச் சொன்னாள். வீடியோவினால் வந்தவர்கள் யார், வாய்ச்சொல்லால் வந்தவர்கள் யார் என்று பிரிக்க வேண்டுமாம். நானும் கேட்டேன். ஒருவராவது நேராகப் பதில் சொன்னால்தானே? "நல்லாருக்கே, உங்கள எங்களுக்குத் தெரியாதா? உங்க உம்மாவும் எங்க மாமியும் ஒரே தெரு" என்று ஒருவர். "எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்த உங்க சின்னம்மா சொல்லித்தான்" என்று இன்னொருவர். அந்தச் சின்னம்மாவுக்குப் போன் போட்டால், வாங்க வந்த அந்த அம்மாள்தான் வீடியோவைச் சின்னம்மாவுக்கே காட்டினாராம். கேள்வியைக் கேட்கப்போய் மூன்று தலைமுறை உறவுமுறை கிடைத்தது. தங்கச்சி அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தாள்.

அப்புறம்தான் அந்தப் பெரிய யோசனை வந்தது. கேள்வியே கேட்காமல் அளப்பது. தம்ரூட்டை அட்டைப் பெட்டியில் கொடுக்காமல் எவர்சில்வர் டப்பாவில் கொடுப்பது. பிளாஸ்டிக் இல்லை என்று வீடியோவிலும் பெருமை பேசலாம். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு நம்பர். டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அடுத்த தடவை வாங்கினால் விலை குறைவு. எந்த நம்பர் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று பார்த்தால், யார் மறுபடி வாங்குகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். கேட்க எனக்கே அசத்தலாக இருந்தது.

இருவரும் கும்பகோணம் போய் அறுபது டப்பா வாங்கினோம். பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் ஊசியை எடுத்துவைத்துக்கொண்டு, "என்ன பேருங்க?" என்று கேட்டார். ஒன்றிலிருந்து அறுபது வரை நம்பர் மட்டும் போதும் என்றோம். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பேரு இல்லாம பாத்திரத்த வெளிய அனுப்பாதீங்கம்மா, திரும்பி வராது" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த தெருவில் காபி குடிக்கப் போய்விட்டோம்.

தை மாதம் பிறந்து இரண்டே வாரத்தில் அறுபது டப்பாவும் வெளியே போய்விட்டன. பட்டுக்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கச்சியே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்து, திரும்பி வரும் டப்பாக்களுக்கு இடம் ஒதுக்கி வைத்தேன்.

டப்பா வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஐந்து வாரம் ஆயிற்று. மொத்தமாக வந்தது ஏழு. அதைவிட மோசம், மறுபடி ஆர்டர் கொடுத்ததும் அந்த ஏழு வீடுகள்தான். மற்ற ஐம்பத்து மூன்று வீடுகளிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. வீடியோவின் எண்ணிக்கை மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

தங்கச்சி லேப்டாப்பைத் திருப்பி என்னிடம் காட்டினாள். மலைபோல ஒரு கோடு, பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு கோடு. எறும்புதான் நான்.

"லாத்தா, மனசுல வச்சுக்காத. புதுப் பொருள்னா எல்லாரும் ஒருதரம் வாங்கிப் பாப்பாங்க. மறுபடி வாங்கல. மச்சான் கேட்டா உள்ளதச் சொல்லிடு" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் தம்ரூட்டைத் தின்றுவிட்டு மறுபடி கேட்காத நாக்கு இந்த ஜில்லாவில் உண்டா? சரி, பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், டப்பா என்ன பாவம் செய்தது? எவர்சில்வர் என்ன விலை விற்கிறது? "வண்டிய எடு, வீடு வீடாப் போயி வாங்கிட்டு வருவோம்" என்றேன். மாசிக் கடைசிக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போடப்போகிறார் என்றால் போடட்டும், என் டப்பாவாவது வீடு வந்து சேரட்டும் என்றுதான் கிளம்பினேன்.

முதல் வீடு அடுத்த தெருதான். அந்த வீட்டு மாமியார் எங்களை ஜன்னல் வழியாகப் பார்த்ததை நானும் பார்த்தேன். கதவைத் திறந்த மருமகள், மாமியார் குளிக்கிறார் என்றாள். உள்ளேயிருந்து அந்த மாமியாரே, "குளிச்சிகிட்டு இருக்கேன்னு சொல்லு" என்று இரண்டாவது முறையும் சொல்லிக் கொடுத்தது வாசல்வரை கேட்டது. தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது, தம்ரூட்டில் ஏதோ கோளாறு, முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசுகிறார்கள்.

அடுத்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு டீச்சர் வீடு. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். டீச்சருடைய அப்பா அம்மா மற்றவர்கள் வயலில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போனவர்கள் என்றும், இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று மா நிலம் சொந்தமாக வாங்கியது என்றும் டெலிவரி கொடுத்த அன்றைக்கே தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. பின்னால் சம்பா முற்றிச் சாய்ந்து நின்றது.

டீச்சர் எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்து, "அய்யோ, நீங்களே வந்துட்டீங்களா, வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. டப்பாவை வாங்கிப்போக வந்ததாகச் சொன்னேன்.

"நாலு நாள் பொறுத்துக்கங்க. அறுப்பு மெஷின் சொல்லியிருக்கு, பெரிய பண்ணைய முடிச்சிட்டுத்தான் நம்ம பக்கம் வருவேங்குறாங்க. அறுத்த உடனே புது அரிசிய டப்பா நெறையப் போட்டுக் கொண்டாந்து குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"அரிசி எதுக்குங்க டீச்சர்? டப்பாவக் குடுத்தாப் போதும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெறும் டப்பாவையா? வெறும் டப்பாவ எப்படிங்க திருப்பிக் குடுக்குறது?"

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது. டெல்டாவில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், எந்த வீட்டிலும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டு, அறுபது பாத்திரத்தை ஊருக்குள் அனுப்பியிருக்கிறோம்! எதிர்வீட்டுக்காரம்மாவின் டிபன் கேரியர் எங்கள் வீட்டு அலமாரியிலேயே மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தது. நோன்புக்கஞ்சி காய்ச்சும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் வைத்திருந்தேன்.

திரும்பி வந்த ஏழு டப்பாவும் வெறுமையாக வரவில்லை. ஒன்றில் எள்ளுருண்டை வந்தது, ஒன்றில் எலுமிச்சம்பழம், இன்னொன்றில் நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாவற்றையும் நாங்கள்தான் தின்றோம். தின்றுவிட்டுக் கழுவி, நம்பரைப் பார்த்து லேப்டாப்பில் பதிந்துகொண்டோம். ஏன் வந்தது என்று ஒருத்தியாவது யோசித்தோமா?

"அது சரிங்க டீச்சர், தம்ரூட் புடிக்கலையா? மறுபடி நீங்க சொல்லவே இல்லியே" என்று கேட்டேன். 

"புடிக்கலையா! போன வாரம் மகளுக்குப் பொறந்த நாளு. தம்ரூட்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. பழைய டப்பாவே வீட்டுல கெடக்கு, எந்த மூஞ்சிய வச்சிகிட்டு இன்னொண்ணு கேக்குறது? பேக்கரியில கேக் வாங்கிக் குடுத்துச் சமாளிச்சேன். இன்னும் என்மேல கோவமா இருக்கா."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. டீச்சரும் காரணம் தெரியாமலே சிரித்தார். மறுபடி யார் வாங்குகிறார்கள் என்று அளப்பதற்காக நாங்கள் அனுப்பிய டப்பாதான், மறுபடி வாங்க வந்தவர்களை வாசலிலேயே மறித்து நின்றிருக்கிறது. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு, "அளக்கப்போயி கெடுத்துட்டோமே லாத்தா" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு அவள்மேல் பாசமாக வந்தது.

காபி கொண்டுவந்தபோது டீச்சரிடம், எங்கள் வீடியோவை எப்போது பார்த்தீர்கள் என்று தங்கச்சி விடாமல் கேட்டாள். முதல் நாளே பார்த்தாராம், தன்னோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களுக்கும் காட்டி, அவர்களையும் வாங்க வைத்தாராம். ஆனால் லைக் போடவில்லையே என்றதற்கு, "அதெல்லாம் நான் போடுறதில்லங்க. நம்ம பேரு அங்க தெரியும்ல? பாத்துட்டு மூடிடுவேன்" என்றார். வளையலைப் புகழ்ந்த நாற்பது பேரை எண்ணியிருக்கிறோம், சத்தமில்லாமல் நான்கு வீட்டுக்குத் தம்ரூட் வாங்க வைத்த மனுஷியை எண்ணவே இல்லை.

அன்று மாலையே ஐம்பது சொச்சம் வீடுகளுக்கும் போன் போட்டோம். டப்பா உங்களுக்கே, திருப்பித் தர வேண்டாம், இனிமேல் அட்டைப் பெட்டிதான் என்று சொன்னோம். குளித்துக்கொண்டிருந்த மாமியார் முதல் ஆளாக, "அப்ப நாளைக்கே ஒரு கிலோ குடு" என்றார். இரண்டு நாளில் ஓவனுக்கு ஓய்வில்லை. டப்பாவை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்களே, சும்மா வாங்கிக்கொள்வதா என்று அதற்கும் வரிசையாகப் பதில்மரியாதை வர ஆரம்பித்தது. தேங்காய், முருங்கைக்காய், ஒரு வீட்டிலிருந்து உயிரோடு ஒரு சேவல். டீச்சர் சொன்னபடி புது அரிசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளுக்கென்று ஒரு பெட்டி வாங்கிப் போனார். தங்கச்சி லேப்டாப்பில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதற்கு 'வந்த சாமான்' என்று பேர் வைத்தாள். சேவலை எப்படிப் பதிவது என்று சென்னையில் யாரிடமும் கேட்க முடியாது பாருங்கள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, அவருடைய மத்தியான இடைவேளை நேரம் பார்த்து ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன். ஓவனில் அன்றைய ஆர்டர் வெந்துகொண்டிருந்தது. தங்கச்சி எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி வாங்கியவர்கள் இத்தனை பேர், மூன்றாவது தடவை கேட்டவர்கள் இத்தனை பேர் என்று படித்தேன். மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒரு வாரத்துக் கணக்குதானே. இன்னும் ஒரு ரெண்டு வருஷம் போட்டுட்டு, அது வரைக்கும் நீ பாத்துகிட்டே இரு. நெலச்சு நிக்குதான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். தங்கச்சியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் தாளைப் பார்த்தேன். அதில் இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. படிக்க முடியவில்லை.

"பாத்தது போதும். நீங்க வாங்க" என்றேன்.

தாளை மடித்து மேடைமேல் வைத்தேன்.

"யாவாரம் நின்னாலும் நிக்கட்டும், படுத்தாலும் படுக்கட்டும். எனக்கு நீங்க வேணும். வந்துடுங்க."

பதினோரு வருஷத்தில் இதை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருக்கு ஆயிரம் கவலை, நாமும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். பழைய டப்பா வீட்டில் கிடக்க இன்னொன்று கேட்கக் கூசிய டீச்சரைப் பார்த்து அன்றைக்கு நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

அவர் குரல் சரியாக வரவில்லை. "ஒவ்வொரு தடவையும் திருச்சி ஏர்போர்ட்டுல ஒன் மூஞ்சியப் பாப்பேன். போகாதீங்கன்னு சொல்லுவியோன்னு. நீ ஊறுகா பாட்டில் ஒழுகுதான்னு பெட்டியவே பாத்துகிட்டு நிப்ப."

"ஒழுகுனுச்சுங்க, நெசமாத்தான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், எது எப்போது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையெழுத்துப் போடப் போவதில்லை என்று அன்று சாயங்காலமே ஆபீசில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

போனை வைத்தபிறகுதான் வாடை மூக்கில் ஏறியது. ஓவனைத் திறந்தால் பதினொரு பேருடைய தம்ரூட்டும் கரியாகக் கிடந்தது. தங்கச்சி மாடியிலிருந்து ஓடிவந்து, என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆர்டர் நோட்டை எடுத்து நீட்டினாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். தீய்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்று முதல் மூன்று பேரிடம் சொன்னேன். நாலாவது டீச்சர். ஏன், உடம்புக்கு என்ன என்று பதறினார். அவரிடம் மறைக்க முடியவில்லை.

"மொத்தமாவே வந்துடுறாங்களா?" என்று டீச்சர் கத்தினார். "அப்படின்னா நாளைக்கு எனக்கு ஒண்ணு இல்லங்க, ரெண்டு பெட்டி!"

ஐந்தாவது ஆளுக்கு நம்பரைப் போட்டபோது தம்ரூட் தீய்ந்த கதையே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பக்கம் ஹலோ என்றதுதான் தாமதம், "எங்க வீட்டுக்காரங்க ஊருக்கே வந்துடுறாங்க" என்று ஆரம்பித்தேன்.